குறை ஏதுமில்லை

அன்றைய பட்டியலில் பதினொரு பேர்தான். பதினோராவது ஆளும் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். திரையில் வெறும் ஸ்டூல் மட்டும் இருந்தது. ஒரு கால் குட்டையான இரும்பு ஸ்டூல் அது. யாராவது உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும், எழுந்தால் வலப்பக்கம் சாயும். எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து அக்சிலியாவுக்கு அது மனப்பாடம். இப்போது அது, ஆள் இல்லாமலே, மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

"அவ்வளவுதானே, சாரதாமணி?"

"அவ்வளவுதானுங்கம்மா. லைனைக் கட் பண்ணிரட்டுங்களா?" என்றாள் பெஞ்ச் கிளார்க்.

"பண்ணிருங்க."

திரை கறுத்தது. கறுத்த பிறகு, ஒலிபெருக்கியிலிருந்து, யாரோ ஓர் அலுமினிய டம்ளரை இரும்பின் மேல் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். அவசரமில்லாத சத்தம். கூப்பிடுகிறவனுக்கே கூப்பிடக் கூச்சமாக இருப்பது போன்ற சத்தம். அக்சிலியா சாரதாமணியைப் பார்த்தாள். அவள் வழக்குக் கட்டுகளை நூலால் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

அக்சிலியா சேலம் டவுன்காரி. செம்மண்கரடு என்ற இந்தத் தாலுகா ஊருக்குக் குற்றவியல் நடுவராக வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊர்க்காரர்களுக்கு நடுவர் என்றெல்லாம் வாயில் வராது, ஜட்ஜம்மாதான். கோர்ட்டும் கிளைச் சிறையும் ஒரே வளாகம். நடுவில் இரண்டு வேப்பமரமும், பறிமுதல் செய்த மணல் லாரிகள் துருப்பிடித்து நிற்கும் ஒரு பொட்டலும்தான். நடந்தால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை அவள் எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் நடந்திருந்தாள்.

விசாரணைக் கைதிகளின் காவலைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நீட்டிக்க வேண்டும். முன்பெல்லாம் ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இப்போது காமிரா வந்துவிட்டது. கைதி அங்கே ஸ்டூலில் உட்காருவான், இவள் இங்கே நாற்காலியிலிருந்து "குறை ஏதாவது இருக்கா?" என்று கேட்பாள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. சிறைச் சுவரை ஒட்டியே ஒரு விசைத்தறிக் கொட்டகை. இருபத்து நாலு தறி. காமிராவைப் போட்டதும் தடதடவென்று அந்தச் சத்தம் முழுக்கக் கோர்ட்டுக்குள் வந்து கொட்டும். வக்கீல்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் இவளுக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அந்தப் பக்கத்து மைக்கை அணைத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இவள் கேட்பது அங்கே கேட்கும். அவர்கள் சொல்வது இங்கே கேட்காது. அதனால் என்ன, ஆயிரம் பேர் ஆயிரம் தடவையும் 'இல்லீங்க' என்பதைத்தானே சொல்கிறார்கள். வாய் அசைந்தால் போதும். அக்சிலியா தலையாட்டுவாள். சரி, அடுத்த ஆள் வரலாம் என்று அதற்குப் பொருள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாதம் ஒரு முறை நடுவர் சிறைக்குள் போய் அறை, கக்கூஸ், சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு கைதியையும் விசாரித்து, பார்வையாளர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவள் எழுதும் ஒரு வரிக்கு மரியாதை உண்டு. மூன்று மனு போட்டும் நகராத காரியம் நடுவர் எழுதிய ஒரு வரிக்கு மறுநாளே நடந்துவிடும். முதல் மாதம் அவள் போனாள். மூத்திர வாடையும் வேர்வையும், ஜவ்வரிசி செய்யும் பக்கத்துச் சேகோ ஆலையிலிருந்து வரும் மரவள்ளிப் பால் புளித்த நாற்றமும் சேர்ந்து அடித்தன. கம்பிக்குப் பின்னாலிருந்து அத்தனை கண்களும் அவளையே பார்த்தன. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாள். அடுத்த மாதம் வேலை அதிகம், போக முடியவில்லை. தலைமைக் காவலர் செந்தமிழன் குறிப்பேட்டை அவள் அறைக்கே கொண்டுவந்து, பேனா மூடியையும் கழற்றி நீட்டினார். 'பார்வையிட்டேன். குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நோட்டு வரும், இவள் எழுதுவாள், நோட்டு போகும்.

மார்ச் பதினாலாம் தேதியும் அப்படித்தான் எழுதினாள்.

அன்று காலை ஸ்டூலில் ராசு என்று ஒருவர் உட்கார்ந்தார். எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டுகிறவர், வயது ஐம்பத்தெட்டு. வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்த வழக்கு. சர்க்கரை நோயாளி. உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்ததை இப்போது நினைத்தால் நினைவுக்கு வருகிறது. அன்று கண்ணில் படவில்லை. "குறை ஏதாவது இருக்கா?" என்றாள். அவர் வாய் அசைந்தது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் நீளமாக அசைந்தது. அவள் தலையாட்டினாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். நன்றி சொல்கிறவர் மாதிரி. சாயந்திரம் நோட்டு வந்தது, எழுதினாள். மறுநாள் விடிவதற்குள் ராசு இறந்துவிட்டார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. சிறையின் ஆழ்குழாய் மோட்டார் எரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்ததாம். டிரம்மில் வரும் தண்ணீர் முதல் மூன்று அறையோடு தீர்ந்துவிடுமாம், நாலாம் அறைக்கு எட்டுவது பாதி நாள் கிடையாதாம். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. காவலில் நேர்ந்த சாவு என்பதால் வெளியூர் நடுவர் மதியழகன் விசாரிக்கிறார். நாளை காலை பத்து மணிக்கு அக்சிலியாவின் வாக்குமூலம். அவர் கேட்கப் போவது ஒரே கேள்வி. பதினாலாம் தேதி நீங்கள் சிறைக்குள் போனீர்களா?

போனேன் என்றால் நோட்டு சாட்சி. கோப்பு மூடிவிடும். ராசு தன் நோயால் செத்தார் என்று ஆகிவிடும். போகவில்லை என்றால் அவள் எழுதிய ஏழு கையெழுத்தும் பொய், வேலை போகும், வழக்கும் வரும். இதை மனசுக்குள் போட்டு உருட்டி உருட்டி நான்கு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு மணிக்குக் கோர்ட் சேவகன் டவாலி வந்து, ஓர் அம்மாள் காலையிலிருந்து வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். வரச் சொன்னாள். வந்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. ராசுவின் மனைவி மயிலம்மாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மாளத் தொந்தரவு பண்ண வரலீங்க. எனக்குக் கேசுகீசெல்லாம் ஒன்னும் தெரியாதுங்க. ஒன்னே ஒன்னு கேக்கோணும்."

"கேளும்மா."

"செத்த அன்னைக்கு முந்தின நாள் பொழுதோட நீங்க உள்ளார போயி எல்லாத்தையும் பாத்துப் பேசுனீங்களாமா. நோட்டுல எழுதியிருக்குதுன்னு வக்கீலு சொன்னாருங்க. அப்படின்னா எங்க ஊட்டுக்காரரு கடைசியாப் பேசுன பெரிய மனுசி நீங்கதானுங்க." மயிலம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "என்னங்க சொன்னாரு?"

அக்சிலியா மேஜை மேலிருந்த கோப்பை மூடி வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை இழுத்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னார்மா."

"தண்ணி கேக்கலீங்களா?"

"இல்லைம்மா."

"மாத்தரை போட்டாருன்னா அவருக்கு நாக்கு ஒட்டிக்குமுங்க. ராத்திரிக்குத் தலமாட்டுல ஒரு சொம்பு வெச்சுப்போட்டுத்தான் நான் படுப்பேன். அங்க யாரு வெச்சிருப்பான்னுதான் நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது." அவள் அக்சிலியாவின் முகத்தையே பார்த்தாள். "நெசமா கேக்கலீங்களா?"

"கேட்கலைம்மா."

மயிலம்மாளின் முகம் அப்படியே இளகியது. ஐந்து வாரமாகப் பிடித்து வைத்திருந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி பெருமூச்சு விட்டாள். "அப்பச் சரிங்க சாமி. தவிச்சுப் போகலியே, அது போதும். உங்க வாயால கேட்டுட்டேன். நான் வாரேனுங்க." கும்பிட்டுவிட்டு, அக்சிலியாவுக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுடைய அந்த நிம்மதியை அக்சிலியாவால் பார்க்க முடியவில்லை. தன் மேலேயே அவ்வளவு அருவருப்பு அதுவரை வந்ததில்லை.

கோர்ட் கலைந்தது. சாரதாமணி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அறையில் தனியாக உட்கார்ந்து அக்சிலியா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். தாகம் அடங்கவில்லை. மூடியிருந்த ஜன்னல் வழியாகச் சேகோ ஆலையின் புளித்த வாடை மெதுவாக உள்ளே வந்து மேஜை மேலும் கோப்புகள் மேலும் படிந்தது. தூரத்தில் தறிச் சத்தம் தடதடத்துக்கொண்டிருந்தது. வெறிச்சோடிய கோர்ட் ஹாலிலிருந்து, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த அந்தத் திரையிருக்கும் பக்கத்திலிருந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே நிதானமாக அது கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

அவள் எழுந்தாள். கோர்ட் ஹாலுக்குள் போகவில்லை. சிறையைப் பார்த்து நடந்தாள். நாளைக்கு என்ன சொல்வதானாலும், ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். நேரம் ஐந்தே முக்கால். சித்திரை வெயில் இறங்கியும் இறங்காமலும் மஞ்சளாகப் பொட்டலில் கிடந்தது. லாரிகளின் நிழல் நீண்டிருந்தது. மூன்று நிமிடம்தான். நடந்துகொண்டே இருப்பது போலிருந்தது.

செந்தமிழன் பெரிய கதவிலிருந்த சின்னத் திட்டிக் கதவைத் திறந்து பார்த்து, சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, களைத்துப்போன மனுஷன்.

"ஏனுங்கம்மா, சொல்லியனுப்பியிருந்தா நோட்டைக் கொண்டாந்திருப்பனே."

"நோட்டுக்கு வரலை. நாலாம் அறையைப் பார்க்கணும்."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். "நாளைக்கு விசாரணைங்களாமா. நோட்டுல இருக்கறதையே சொல்லிப்போட்டா எல்லாத்துக்கும் நல்லதுங்கம்மா. மோட்டாருக்கு நான் மூணு தரம் எழுதிட்டேன். யாரு கேட்டா. உங்க நோட்டுல ஒரு வரி ஏறியிருந்தா ஆகியிருக்கும். உங்ககிட்டச் சொல்ல எனக்கும் வாய் வரலீங்க." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அதுதான் சுட்டது.

உள்ளே போனார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த நீள நடை. இடப்பக்கம் வரிசையாக நாலு கம்பிக் கதவு. வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் கொட்டகை. சுவரில் கை வைத்தால் உள்ளங்கை நடுங்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே பாதிதான் காதில் விழும். ஆள் எண்ணிக்கை முடிந்து எல்லோரையும் உள்ளே விட்டுப் பூட்டியாகிவிட்டது. ஒவ்வொரு கதவாகக் கடக்கும்போது உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய வாடைதான் அடித்தது. இந்த முறை அவள் மூக்கைப் பொத்தவில்லை.

நாலாம் அறையில் இரண்டு பேர். மூன்றாவது இடத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. பாயின் தலைமாட்டில், விளிம்பு வரை தண்ணீரோடு ஓர் அலுமினிய டம்ளர்.

"இது யாருக்கு?" என்றாள் அக்சிலியா.

இருவரில் மூத்தவர் பெயர் அறிவு. ஆடு திருடிய வழக்கு. அவர் செந்தமிழனைப் பார்த்துவிட்டு, சத்தத்தை மீறிக் கேட்பதற்காகக் கம்பி அருகே வந்தார்.

"ராசு அண்ணனுக்குங்கம்மா. மோட்டார் ரிப்பேர் பண்ணுன அன்னையிலிருந்து வெக்கறோம். ஆளுக்கு ஒரு வாய் ஊத்தி நெரப்புவோம்."

"பிறகு?"

"விடியறப்பப் பாத்தா காலியா இருக்குமுங்க. நாங்க யாரும் தொடறதில்லீங்க."

செந்தமிழன் வேறு பக்கம் பார்த்தார். அக்சிலியா ஓரடி முன்னால் வந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவர்... கடைசியா என்ன சொன்னார்?"

அறிவு அவளை வியப்பாகப் பார்த்தார். "உங்ககிட்டத்தானேங்கம்மா சொன்னாரு. காலையில காமிரா ரூமுக்குப் போறப்பவே, இன்னைக்கு ஜட்ஜம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்னுதான் போனாரு. வந்து உக்காந்து சிரிச்சாருங்க. 'சொல்லிட்டேன், தண்ணி இல்லீங்க சாமின்னு. அம்மா தலையாட்டுனாங்க. இனி வந்துரும்'னாரு." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் அவரு யாருகிட்டயும் கேக்கலீங்க. எங்களையும் கத்த விடல. அம்மாகிட்டச் சொல்லியாச்சு, அவங்களுக்கு ஆயிரம் சோலி, ஆளு வருமுட்டும் பொறுங்கன்னாரு. ராவெல்லாம் டம்ளரை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாருங்க. வாசல் கேட்டுத் தொறக்கற சத்தம் கேக்கறப்பல்லாம் ரெண்டு தட்டுத் தட்டுவாரு. இங்க இருக்கறேன்னு தெரியோணுமில்லீங்க."

அக்சிலியா அழுதாள். நீதிமன்றக் கோட்டும் வெள்ளைப் புடவையுமாக, ஒரு தலைமைக் காவலருக்கும் இரண்டு கைதிகளுக்கும் முன்னால், வாயைக்கூடப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். அந்த மனுஷன் தவித்துச் சாகவில்லை, நம்பிச் செத்திருக்கிறார். தவித்திருந்தால் கத்தியிருப்பார், கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அவரை வாய் மூட வைத்தது அவளுடைய தலையாட்டல்.

"நோட்டைக் கொண்டு வாங்க," என்றாள். "பதினாலாம் தேதி நான் வரலைன்னு இன்னைக்குத் தேதி போட்டு எழுதப் போறேன். எழுதிட்டு மயிலம்மாள் வீடு எங்கன்னு சொல்லுங்க. அவங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"யோசிச்சுக்குங்கம்மா."

"யோசிச்சாச்சு."

உட்கார்ந்து எழுத மேஜை இருந்தது காமிரா அறையில் மட்டும்தான். செந்தமிழன் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு நோட்டு எடுக்கப் போனார். முன்பு அரிசி மூட்டை அடுக்கிய அறை. ஜன்னல் இல்லை. சுவரில் டி.வி., அதன் மேல் காமிரா, எதிரே அந்த ஸ்டூல். வேறு இருக்கை இல்லாததால் அதிலேயே உட்கார்ந்தாள். ஸ்டூல் இடப்பக்கம் சாய்ந்தது.

அவள் பேனாவைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். எழுத வேண்டிய வாசகத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. சுவருக்கு அப்பால் இருபத்து நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, அந்த அதிர்வில் மேஜை மேல் பேனா மெல்ல மெல்ல உருண்டு விளிம்புக்குப் போயிற்று, அதைப் பிடிக்க அவள் கை நீட்டியபோது கரண்ட் போயிற்று.

விளக்கு அணைந்தது. தறிகள் நின்றன.

செம்மண்கரட்டில் அவள் கேட்டறியாத அமைதி அது. பகலும் இரவும் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே இருந்த ஊர், திடீரென்று மூச்சை நிறுத்திக்கொண்டது. எங்கோ ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. செந்தமிழனின் காலடி இல்லை. கைதிகளின் இருமல் இல்லை. காய்ந்த மண்ணின் வாடை மட்டும் வந்தது, அதோடு மாத்திரை கரைந்த வாயின் கசப்பு வாடை, மிக அருகில்.

டொக்.

அவள் தோளுக்குப் பின்னால்.

"செந்தமிழன்?"

டி.வி. எரிந்தது. கரண்ட் இல்லை. ஆனாலும் எரிந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. திரையில் அவளுடைய கோர்ட் ஹால். மேடை. மேஜை. மேஜை மேல் கட்டுக் கட்டாகக் கோப்புகள். நாற்காலியில் ஒருத்தி, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு. வெள்ளைப் புடவை. வகிட்டின் இடப்பக்கம் நரைத்த அந்த ஒரு கொத்து முடி.

அக்சிலியா தன் தலையில் அதே கொத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மேடைக்குக் கீழே, செருப்பில்லாமல், மயிலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திருக்கும் முகம்.

"குறை ஏதாவது இருக்கா?" என்றது டி.வி. அவளுடைய குரல். ஆயிரம் தடவை கேட்டுத் தேய்ந்துபோன அதே குரல்.

"இருக்கு," என்றாள் அக்சிலியா.

சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. தொண்டை அதிர்ந்தது தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை.

கத்தினாள். நான் போகவில்லை. அன்று நான் உள்ளே போகவே இல்லை. அவர் கேட்டார் மயிலம்மா, தண்ணீர் கேட்டார், எனக்குத்தான் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. திரையின் ஓரத்தில், மைக் படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

எழப் பார்த்தாள். முடியவில்லை. கால்கள் மரத்திருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு இழுத்தது. விரலால் தொட்டாள். தோல் வெடித்திருந்தது.

திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இந்த அறையைக் காட்டும் கட்டம். அதில் ஸ்டூலில் அவள். அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, மடியில் டம்ளரோடு ராசு. கோபம் இல்லை அந்த முகத்தில். பொறுமைதான் இருந்தது. ஆள் வருமட்டும் காத்திருக்கிற பொறுமை.

அவர் வாய் அசைந்தது. அவளுடைய வாயும் அசைந்தது. அதே சொற்கள். அதே நேரம்.

தண்ணி இல்லீங்க, சாமி.

மயிலம்மாள் நாற்காலியின் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டாள். நாற்காலியில் இருந்தவள் நிமிராமல், எழுதுவதை நிறுத்தாமல், தலையாட்டினாள்.